சல்லிசான துப்பாக்கியை நம்பலாமா? நெல்லைச் சீமையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆயுதப்படையில் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆர்மரர் என்றால் துப்பாக்கி சுடுகிறவன் இல்லை. மற்றவர்கள் சுட்டதைக் கழற்றித் துடைத்து, ஸ்பிரிங் மாற்றி, எண் சரிபார்த்து அலமாரியில் வைக்கிறவன். அம்பாசமுத்திரம் பக்கம் வந்து குடியேறியதிலிருந்து டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் என்னைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்பது இந்த ஒரு விஷயத்தைத்தான். கேட்கிறவர்களில் பாதிப்பேர் கன்மேன் வேலைக்குப் போகிற முன்னாள் ராணுவத்தார். மிச்சம் வாழைத்தோட்டக்காரர்கள், அப்பா காலத்துத் துப்பாக்கியைப் பரணில் வைத்திருப்பவர்கள், யூடியூப் பார்க்கிற பையன்கள். ஒரே பதிலை நூறு தடவை சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் எழுதி வைத்தேன். லைசென்ஸ் உள்ள துப்பாக்கியைப் பற்றித்தான் பேசுகிறேன். இல்லாததைப் பற்றியும் ஒரு கேள்வி வரும், அதற்குப் பதில் சின்னதுதான்.

"சல்லிசு, சல்லிசுங்காங்களே அண்ணாச்சி, எதைச் சல்லிசுன்னு சொல்லுதாங்க?"

நம் ஊரில் சாதாரண ஆளுக்கு லைசென்ஸில் கிடைப்பது பெரும்பாலும் 12 போர் துப்பாக்கி. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமாக 12 உருண்டை பிடித்தால், அதில் ஒரு உருண்டை நுழைகிற குழல் 12 போர். இதில் ஒற்றைக்குழல்தான் எல்லாவற்றிலும் விலை குறைந்தது. அடுத்தது இரட்டைக்குழல். லைசென்ஸ் புத்தகத்தில் எஸ்.பி.பி.எல்., டி.பி.பி.எல். என்று எழுதியிருப்பது இவற்றைத்தான். பீகாரில் முங்கேர், அப்புறம் ஜம்மு, இந்த ஊர்களில் இருக்கிற லைசென்ஸ் பெற்ற தனியார் பட்டறைகளிலிருந்து இவை அதிகம் வருகின்றன. முங்கேருக்கு இந்தத் தொழில் நவாப் மீர் காசிம் காலத்திலிருந்தே உண்டு.

அதற்கு மேல் படி அரசு தொழிற்சாலைச் சரக்கு. கான்பூர் .32 ரிவால்வர், பழைய லீ-என்ஃபீல்டு அமைப்பில் செய்த .315 ரைபிள், நம் திருச்சித் தொழிற்சாலையின் பம்ப் ஆக்‌ஷன் (முன்கட்டையை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுவது) எல்லாம் அதில் சேரும். 2014இல் பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற அரைக்கிலோ ரிவால்வரை வெளியிட்டபோதே அதன் விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். ஒற்றைக்குழலுக்கு அந்தப் பணத்தில் ஒரு பங்கு போதும்.

"வெளிநாட்டுப் பழசுக்கு அம்புட்டு வெல சொல்லுதாங்களே, அப்ப அதுதான் நம்பகமோ?"

விலைக்குக் காரணம் வேறு. 1980களின் நடுவில் தனியார் துப்பாக்கி இறக்குமதியை அரசு நிறுத்திவிட்டது. அதற்கு முன் வந்த வெப்ளி, கிரீனர் போன்ற இங்கிலாந்துத் துப்பாக்கிகள் எல்லாம் எண்ணிக்கையில் அப்படியே நின்றுபோனது, கூடவே இல்லை. கிடைக்காத பொருளுக்கு விலை ஏறும். ஆக அந்த விலை தரத்துக்கும் உண்டு, தட்டுப்பாட்டுக்கும் உண்டு. எது எவ்வளவு என்று விற்கிறவர் சொல்ல மாட்டார்.

பழசில் இரண்டு ஆபத்து இருக்கிறது. ஜமீன் வீட்டுத் துப்பாக்கி சிலவற்றில் குழல் மேல் அலையலையாகக் கோலம் போட்டதுபோல் தெரியும். டமாஸ்கஸ் குழல் என்பார்கள், இரும்புப் பட்டையை முறுக்கிச் சேர்த்து அடித்தது. அது கருமருந்து காலத்துக்குச் செய்தது. இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவை அதில் போடவே கூடாது. பார்க்க அழகாக இருக்கும், சுவரில் மாட்டலாம். இரண்டாவது, தோட்டா உட்காரும் அறையின் நீளம். பழைய துப்பாக்கிகள் பல 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்குச் செய்தவை. 70 மில்லிமீட்டர் தோட்டாவும் அதில் நுழைந்துவிடும், அதுதான் சிக்கல். வெடித்ததும் தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். குழலின் அடியில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்க்காமல் போடாதீர்கள்.

"வெல கொறஞ்சது கையிலயே வெடிச்சிரும்னு எங்க மாமா சொல்லுதாரு. நெசமா?"

லைசென்ஸ் கடையில் வாங்கிய, சோதனை முத்திரை உள்ள துப்பாக்கி என்றால் மாமா பயப்பட வேண்டியதில்லை. தனியார் பட்டறையில் செய்தாலும் குழலை அரசு சோதனைக்கூடத்துக்கு அனுப்பியாக வேண்டும். மேற்கு வங்கத்து இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் அப்படி ஒரு கூடம் இருக்கிறது. வழக்கமான தோட்டாவை விட அதிக அழுத்தம் தரும் தோட்டாவைப் போட்டு வெடித்துப் பார்ப்பார்கள். தாங்கினால் முத்திரை குத்துவார்கள். குழலின் பலத்தைப் பொறுத்தவரை சல்லிசும் சரி, உசத்தியும் சரி, இந்த ஒரே வாசலைத் தாண்டித்தான் வருகின்றன.

பிறகு காசு எங்கே குறைந்தது? கட்டையின் மரம், பொருத்தத்தின் நயம், ஸ்பிரிங்கின் பதம், விசை இழுக்கிற மென்மை. இவற்றில்தான். ஒற்றைக்குழலில் மடக்கு, சுத்தியல், தோட்டாவின் அடியில் குத்துகிற ஊசி, விசை, இரண்டு மூன்று ஸ்பிரிங், அவ்வளவுதான் உள்ளே. கெடுவதற்குப் பொருள் குறைவு. ஆகவே விலை குறைந்த பிஸ்டலை விட விலை குறைந்த ஒற்றைக்குழலை நான் பல மடங்கு நம்புவேன்.

"ஒத்தக்குழலா, ரெட்டைக்குழலா, பம்ப்பா?"

இரட்டைக்குழல் என்பது ஒரே கட்டையில் இரண்டு துப்பாக்கி. ஒவ்வொரு குழலுக்கும் தனிச் சுத்தியல், தனி ஊசி. ஒன்று பொய்த்தால் விரலை அடுத்த விசைக்கு மாற்றினால் போதும். அந்தக் காரணத்துக்காகவே கன்மேன் வேலைக்குப் போகிறவர்களிடம் கொஞ்சம் கூடப் போட்டாலும் இரட்டைக்குழல் எடுங்கள் என்பேன். ஆனால் சல்லிசான இரட்டைக்குழலில் ஒரு குறை அடிக்கடி பார்த்திருக்கிறேன். இரண்டு குழலையும் பற்றவைக்கும்போது கோணம் பிசகி, ஒன்று நேரே அடிக்கும், ஒன்று ஒதுங்கி அடிக்கும். தாளில் சுட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

பம்ப் நல்ல பொருள்தான், பழகியவனுக்கு. பதற்றத்தில் முழுக்க இழுக்காமல் பாதியில் தள்ளிவிட்டால் தோட்டா சிக்கும். வருஷத்துக்கு இரண்டு தோட்டா சுடுகிற ஆளுக்கு அது வேண்டாம்.

"கடையில கைல குடுத்தா என்னத்தப் பாக்கணும்?"

முதலில் மடக்கித் திறந்து, குழல் காலி என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவுங்கள். விற்கிறவர் "காலிதான் சார்" என்று சொன்னாலும் பாருங்கள். இருபத்தைந்து வருஷம் இந்தச் சொல்லைக் கேட்டவன் சொல்கிறேன், அதில் மூன்று தடவை காலியாக இல்லை.

அப்புறம் குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். சுவரில் விழும் வெளிச்சம் வட்டம் வட்டமாக ஒழுங்காகப் போக வேண்டும். நடுவில் ஒரு நிழல் வளையம் தெரிந்தால் குழல் அங்கே ஒரு காலத்தில் உப்பியிருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள், பேரமே பேசாதீர்கள். புள்ளி புள்ளியாகத் துருக்குழி தெரிந்தால் எங்கே என்று பாருங்கள். வாய் பக்கம் லேசாக இருந்தால் பொறுக்கலாம், தோட்டா உட்காரும் பக்கம் இருந்தால் கூடாது.

மூடிய பிறகு முன்கட்டையைக் கழற்றிவிட்டு, ஒரு கையில் குழலையும் ஒரு கையில் பின்கட்டையையும் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். நல்ல பழங்காலத்து நிலைக்கதவு மூடினால் எப்படிக் கம்மென்று நிற்குமோ அப்படி நிற்க வேண்டும். கடகடவென்று ஆடினால் பூட்டு தேய்ந்திருக்கிறது. புதுத் துப்பாக்கியிலேயே ஆடினால் பொருத்தம் சரியில்லை. மருந்தில்லாத போலித்தோட்டா போட்டு விசையை இழுத்துப் பார்க்கக் கேளுங்கள், கடைக்காரர் தருவார். ஊசி பட்ட இடம் நடுவில், ஆழமாக, வட்டமாக இருக்க வேண்டும். ஓரத்தில் கீறல் மாதிரி விழுந்தால் பாதித் தோட்டா பொய்க்கும்.

கடைசியாக எண். துப்பாக்கியில் பொறித்த எண்ணும் பில்லில் இருப்பதும் ஒன்றா? எண் இல்லாததையோ அழித்ததையோ விற்பதே ஆயுதச் சட்டம் 8ஆம் பிரிவுப்படி குற்றம். "தேஞ்சு போச்சு சார்" என்ற கதையைக் காதில் வாங்காதீர்கள்.

"சேஃப்டி போட்டாச்சுன்னா பயமில்லல்லா?"

இரட்டைக்குழல்களில் பெரும்பாலானவற்றில் அந்தத் தாழ் விசையை மட்டும்தான் பூட்டும். உள்ளே முறுக்கேறி நிற்கும் சுத்தியலைப் பூட்டாது. துப்பாக்கி கீழே விழுந்து அதிர்ச்சியில் சுத்தியல் நழுவினால் தாழ் போட்டிருந்தும் வெடிக்கலாம். சல்லிசு, உசத்தி என்ற வித்தியாசம் இதில் கிடையாது. எனவே தோட்டா ஏற்றியபடி சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். நடக்கும்போது மடக்கித் திறந்து கைமடிப்பில் போட்டுக்கொண்டு நடங்கள். எதிரே வருகிறவனுக்கும் நிம்மதி.

"நல்ல துப்பாக்கிதான், ஆனா மூணுல ஒண்ணு பொய்க்கி. என்ன கோளாறு?"

துப்பாக்கியைத் திட்டுவதற்கு முன் தோட்டாவைப் பாருங்கள். என்னிடம் வந்த பொய்த்த கேஸ்களில் முக்கால்வாசி தோட்டாவில்தான் முடிந்தது. இங்கே அதிகம் கிடைப்பது அரசுத் தொழிற்சாலையின் சக்திமான் தோட்டா. நல்ல சரக்குதான். ஆனால் நம் ஆட்கள் அதை வைக்கிற லட்சணம் இருக்கிறதே. சாமி அறையில் சூடம், பத்தி பக்கத்தில் ஒரு டப்பா. அல்லது தோல் வாரில் செருகியபடி ஆறு வருஷம். ஈரம் இறங்கிக் காகிதக்கூடு உப்பும், பித்தளை அடி பச்சை பூக்கும்.

ஒரு நகைக்கடை வாசலில் நின்ற கன்மேன் ஒருவர் லைசென்ஸ் புதுப்பிக்கும் சமயம் என்னிடம் வாரைக் காட்டினார். பத்துத் தோட்டாவில் நாலு குழலுக்குள் நுழையவே இல்லை, உப்பியிருந்தது. அந்த மனிதர் அந்தப் பத்தை நம்பி ஆறு தீபாவளிக்குக் கடை வாசலில் நின்றிருக்கிறார். துப்பாக்கி சல்லிசுதான், முங்கேர் சரக்கு. அதில் ஒரு குறையும் இல்லை.

மூடி இறுக்கமான டப்பாவில், வெயிலும் அடுப்பும் படாத இடத்தில் வையுங்கள். வாங்கிய தேதியை எழுதி ஒட்டுங்கள். பழையதைப் பயிற்சிக்குச் செலவழித்துவிட்டுப் புதியதைக் காவலுக்கு வையுங்கள். வெவ்வேறு போர் தோட்டாவை ஒரே டப்பாவில் போடாதீர்கள். 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் நின்றுவிடும். பின்னால் பார்த்தால் குழல் காலி போலத் தெரியும். அதன் மேல் ஒரு 12 போரைப் போட்டு அடித்தால் குழல் கிழியும். பல தயாரிப்பாளர்கள் 20 போர் தோட்டாவுக்கு மட்டும் மஞ்சள் நிறம் கொடுப்பது இதற்காகத்தான்.

விசை இழுத்தும் வெடிக்கவில்லையா? உடனே திறக்காதீர்கள். ஆளில்லாத பக்கம் பார்த்துப் பிடித்தபடி மனதுக்குள் அறுபது எண்ணுங்கள். தாமதமாக வெடிக்கிற தோட்டாவும் உண்டு.

"எங்க ஊரு சாரலுக்குத் துரு புடிக்கி. தேங்கா எண்ணெ போடலாமா?"

போடாதீர்கள். இதைச் சொன்னால் பெரியவர்கள் கோபித்துக்கொள்கிறார்கள், "எங்கப்பா அதைத்தான் போட்டாரு" என்று. தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறையும், நாள்பட்டால் பிசினாகும். ஊசி போகிற துளையில் பிசின் சேர்ந்தால் அடி மெதுவாக விழும், தோட்டா பொய்க்கும். துப்பாக்கி எண்ணெய் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய், அதுவும் துணியில் நனைத்து மெல்லிசாக. மண்ணெண்ணெய் அழுக்கை எடுக்கும், ஆனால் துருவைத் தடுக்காது. அதனால் கழுவினால் மேலே எண்ணெய் பூசியாக வேண்டும்.

தென்காசிப் பக்கம் ஆனி, ஆடிச் சாரல். உவரி, கூடங்குளம் பக்கம் உப்புக்காற்று. இரண்டுக்கும் ஒரே விதி: துணி உறையிலோ தோல் உறையிலோ போட்டு வைக்காதீர்கள், உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள் இல்லையா, கொடுப்பதற்கு முந்தின நாள் நன்றாக எண்ணெய் பூசிக் கொடுங்கள். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வரும்போது எண்ணெய் பூசியது எது, பூசாதது எது என்று தூரத்திலிருந்தே தெரியும்.

இன்னொன்று, குளவி. கடையம் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் பரணிலிருந்து எடுத்து வந்த ஒற்றைக்குழலை மடக்கிப் பார்த்தேன். வெளிச்சமே வரவில்லை. வாய்க்குள் விரற்கடை நீளத்துக்குக் குளவி மண்ணால் கூடு கட்டியிருந்தது. அவர் அன்று சாயங்காலம் சுட்டுப் பார்ப்பதாக இருந்தார். மாமா சொன்ன "கையில வெடிக்கிறது" இப்படித்தான் நடக்கும், விலை குறைவால் அல்ல.

"அமெரிக்கால சல்லிசு பிஸ்டல மண்ணுல பொதச்சு எடுத்துச் சுடுதாங்க, வேல செய்யுதே?"

இதைக் கேட்கிற பையன்கள் பார்ப்பது பெரும்பாலும் ஓஹையோ மாகாணத்து ஹை-பாயிண்ட். துத்தநாகக் கலவையில் வார்த்த கனமான மேல்பாகம், மிக எளிய அமைப்பு, ஆயுள் முழுக்க உத்தரவாதம். பார்க்க உலக்கை மாதிரி இருக்கும், ஆனால் சுடும். எளிய அமைப்பு என்பதே அதன் பலம். ஒற்றைக்குழலைப் பற்றி மேலே சொன்னது இதற்கும் பொருந்தும். இரண்டாம் உலகப்போரில் 1941இல் பிரிட்டன் அவசரத்தில் அடித்துத் தள்ளிய ஸ்டென் துப்பாக்கியும் இப்படித்தான், குழாயும் தகடும். அதில் தகராறு செய்தது பெரும்பாலும் தோட்டா அடுக்கும் மேகசின்தான்.

ஆனால் அதே நாட்டில் மறுபக்கமும் உண்டு. 1968இல் சின்ன மலிவுக் கைத்துப்பாக்கிகளின் இறக்குமதியை அமெரிக்கா தடுத்தது. உடனே லாஸ் ஏஞ்சல்ஸைச் சுற்றி உள்ளூர்த் தயாரிப்பு முளைத்தது. அதில் பிரைக்கோ என்ற நிறுவனத்தின் பிஸ்டல் ஒன்றில் தோட்டாவை எடுக்க வேண்டுமானால் சேஃப்டியை விடுவித்தாக வேண்டும், அமைப்பே அப்படி. 1994இல் ஒருவர் அப்படி எடுக்கப் போய், வெடித்து, ஏழு வயதுப் பையனுக்குக் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தது. 2003இல் கலிபோர்னியா ஜூரி பிரைக்கோ தரப்பின் பங்காக 2 கோடி 40 லட்சம் டாலர் அளவில் பொறுப்பு சுமத்தியது. நிறுவனம் திவால். அந்த பிஸ்டல் சுடவில்லை என்று யாரும் வழக்குப் போடவில்லை. சுடக்கூடாத நேரத்தில் சுட்டது என்பதுதான் வழக்கு. யூடியூப்பில் மண்ணில் புதைத்துச் சுடுகிறவர் சோதிப்பது முதல் பாதியை மட்டும். நான் கேட்பது இரண்டாவது பாதியை.

"அப்ப காசு கூடப் போட்டா அந்தப் பயம் இல்லையா?"

அதுவும் இல்லை. 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்தது சிக் சாயர் பி320 வகை பிஸ்டல். அதே வருஷம் ஆகஸ்டில், சில கோணத்தில் கீழே விழுந்தால் வெடிக்கிறது என்று வெளியே தெரிந்து, பொதுமக்களிடம் இருந்ததை வாங்கி மாற்றிக் கொடுக்க நிறுவனமே முன்வந்தது. அது சல்லிசுச் சரக்கு இல்லை.

"எத்தன தோட்டா சுட்டாப் பெறவு நம்பலாம்?"

மேல்நாட்டில் பிஸ்டலுக்கு இருநூறு என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். நமக்கு லைசென்ஸில் எழுதிய எண்ணிக்கைதான், அதற்கு மேல் வாங்க முடியாது. ஒற்றைக்குழலுக்கு அவ்வளவு தேவையும் இல்லை. ரைபிள் கிளப் மைதானத்தில் அனுமதியோடு ஒரு பெட்டி, 25 தோட்டா, பொய்க்காமல் போனால் நான் நம்புவேன். இரட்டைக்குழல் என்றால் ஒவ்வொரு குழலுக்கும் தனியாக எண்ணுங்கள். தாளில் சுட்டு இரண்டும் ஒரே இடத்தில் சேர்கிறதா என்றும் அங்கேயே பாருங்கள். காவலுக்கு எந்தத் தோட்டா வைக்கப் போகிறீர்களோ, எல்.ஜி.யோ எஸ்.ஜி.யோ (உள்ளே இருக்கிற குண்டின் அளவு), அதையே சுட்டுப் பாருங்கள்.

கோயில் கொடையிலும் கல்யாணத்திலும் வானத்தைப் பார்த்து அடித்து "டெஸ்ட்" பண்ணுகிற வேலை வேண்டாம். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு கொண்டாட்டச் சூட்டுக்கே இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம்.

"ஓனர் ஒரு பழைய துப்பாக்கியக் குடுத்து நிக்கச் சொல்லுதாரு. நாம என்ன செய்ய?"

மேலே சொன்ன எல்லாச் சோதனையையும் செய்துவிட்டுத்தான் தோளில் போட வேண்டும். அதை விட முக்கியம் காகிதம். அந்தத் துப்பாக்கி யார் பெயரில் இருக்கிறது, லைசென்ஸில் உங்கள் பெயர் இருக்கிறதா, எந்த நோக்கத்துக்கு, எந்த எல்லைக்குள் என்று எழுதியிருக்கிறது, இதையெல்லாம் வாங்கிப் படியுங்கள். ராணுவத்தில் பதினேழு வருஷம் கண்ணியமாக இருந்துவிட்டு, யாரோ ஒருத்தர் புதுப்பிக்க மறந்த புத்தகத்துக்காக நீங்கள் ஸ்டேஷனில் உட்கார வேண்டாம்.

"வாழைய பன்னி நாசம் பண்ணுது. சல்லிசா ஒண்ணு வாங்கிச் சுட்டுக்கலாமா?"

கூடாது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் தருவதற்கு 1959 ஆயுதச் சட்டத்திலேயே, 13ஆம் பிரிவில், இடமுண்டு. குழலின் வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்குத் தருவார்கள், அது போதாது என்று அதிகாரி கருதினால் வேறு 12 போரும் தரலாம். ஆனால் துப்பாக்கி வைக்க அனுமதி வேறு, மிருகத்தைச் சுட அனுமதி வேறு. காட்டுப்பன்றி, பாதுகாக்கப்பட்ட விலங்காக, வனவிலங்குச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. 2025 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு எடுத்த முடிவின்படியும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடுவது வனத்துறை ஆட்களின் வேலை, தோட்டக்காரர் வேலை அல்ல. களக்காடு, பாபநாசம், மணிமுத்தாறு பக்கத்துத் தோட்டமெல்லாம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தை ஒட்டித்தான் கிடக்கிறது. அங்கே வெடிச் சத்தம் கேட்டால் யார் வருவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

எரிச்சல் புரிகிறது. குலை தள்ளிய நேரத்தில் ஒரே ராத்திரியில் நாற்பது மரம் சாய்ந்து கிடப்பதை நானும் பார்த்திருக்கிறேன். வேலி போடுங்கள், இழப்பீட்டுக்கு எழுதிக் கொடுங்கள். அவுட்டுக்காய் (கடித்தால் வெடிக்கிற உருண்டை) மட்டும் வைக்காதீர்கள், அது மாட்டின் வாயையும் கிழிக்கும்.

"ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம்லா, அதாவது நம்பகமா?"

குழல் .177 அங்குலத்துக்குள், சக்தி 20 ஜூலுக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். தாளில் சுட்டுப் பழக அருமையான பொருள். தற்காப்புக்கு ஆகாது. மயில் மேல் சுட்டுப் பார்க்கிற எண்ணம் இருந்தால், மயில் அதே வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணை.

"நாட்டுத் துப்பாக்கி ரெண்டு மூவாயிரத்துக்குக் கெடைக்குமாமே, அதுவும் வெடிக்கத்தான செய்யுது?"

முதலில் சொன்ன சின்னப் பதில் இதற்குத்தான். பிடிபட்ட நாட்டுத் துப்பாக்கிகளை நூற்றுக்கணக்கில் கழற்றிப் பார்த்தவன் நான். தண்ணீர்க் குழாயைக் குழலாக்கியவனுக்குச் சோதனைக்கூடமும் இல்லை, முத்திரையும் இல்லை. சுட்டவன் கன்னத்தில் கருமருந்துத் தழும்போடு நின்றதும் உண்டு. வைத்திருந்தால் 2 முதல் 5 வருஷம், செய்தால் விற்றால் 7 வருஷம் முதல் ஆயுள் வரை.

"சின்னக் கோளாறுதான், நம்ம லேத் பட்டறைல சரி பண்ணிக்கலாமா?"

நம் வண்ணார்பேட்டைப் பக்கத்து லேத்காரருக்குக் கை அபாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கும் 5ஆம் பிரிவில் தனி லைசென்ஸ் வேண்டும். குழலை அறுத்துக் குட்டையாக்குவது 6ஆம் பிரிவில் குற்றம். "வாய் பக்கம் துரு, ரெண்டு இஞ்சு எடுத்துரலாம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். லைசென்ஸ் பெற்ற ஆயுதக்கடை வழியாகத்தான் ரிப்பேருக்குப் போக வேண்டும். இதனால்தான் வாங்கும்போதே, எந்தக் கடைக்காரர் ஸ்பிரிங்கும் ஊசியும் வரவழைத்துத் தருவார் என்று கேட்டு வாங்கச் சொல்கிறேன். சல்லிசு சரக்குக்கு இருக்கிற உண்மையான குறை இதுதான்: பட்டறைக்குப் பட்டறை அளவு மாறும், ஒன்றின் ஊசி இன்னொன்றில் உட்காராது. அரசுத் தொழிற்சாலைத் துப்பாக்கியில் இந்தத் தொல்லை குறைவு.

"தெரிஞ்சவரு ஒருத்தரு தன்னோடதக் குடுக்காரு, பாதி வெல. வாங்கலாமா?"

வாங்கலாம், உங்கள் லைசென்ஸில் இடம் இருந்தால். 2019க்குப் பிறகு ஒருவருக்கு இரண்டுதான், முன்பு மூன்று. விற்கிறவர் ஆட்சியருக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிய வேண்டும். அந்த 45 நாளை வீணாக்காமல் மேலே சொன்ன சோதனைகளைச் செய்யுங்கள். ஒரு வீட்டில் இருந்து நன்றாகப் பராமரித்த பழைய முங்கேர் ஒற்றைக்குழல், கடையில் பெட்டி பிரிக்காத புதுசை விட மேல். அது ஏற்கெனவே சுட்டுப் பார்த்தது, புதுசு இனிமேல்தான்.

"ராத்திரி திருடன் வந்தா அது கை குடுக்குமா?"

தோட்டா நல்லதாக இருந்தால் துப்பாக்கி கை கொடுக்கும். நீங்கள் கொடுப்பீர்களா என்பதுதான் எனக்குச் சந்தேகம். துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா ஒரு பூட்டில் இருக்க வேண்டும். பேரப்பிள்ளை இருக்கிற வீட்டில் அதில் பேச்சே இல்லை. அந்த இரண்டு பூட்டையும் இருட்டில் திறக்கிற நேரத்தில் திருடன் தோட்டம் தாண்டியிருப்பான். தாண்டி ஓடுகிறவன் முதுகில் சுட்டால் அது தற்காப்பு ஆகாது. பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை படித்துப் பாருங்கள். ஒரு நாயும் வாசலில் நல்ல விளக்கும் இந்தக் கேள்விக்குச் சரியான பதில் என்று நான் சொல்லி, துப்பாக்கி வாங்க வந்தவர்கள் இரண்டு பேர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

"அண்ணாச்சி, எங்கிட்ட இருக்கிறத ஒருக்கா கொண்டாரட்டா, பாத்துச் சொல்லுவீங்களா?"

கொண்டுவர வேண்டாம். முன்பெல்லாம் வாசலில் கொண்டு வந்தவர்களுக்கு மடக்கித் திறந்து ஒரு பார்வை பார்த்துச் சொல்லியிருக்கிறேன். இப்போது அதையும் விட்டுவிட்டேன். பழுது பார்க்கிற லைசென்ஸ் என்னிடம் இல்லை, ஓய்வு பெற்றதும் நானும் உங்களைப் போல ஒரு ஆள்தான். பில்லையும், குழலின் அடியில் இருக்கிற முத்திரையையும், போலித்தோட்டாவில் ஊசி பட்ட அடையாளத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். வெளிச்சத்தில் எடுங்கள், ஆட்டம் இல்லாமல். போன வாரம் ஒருவர் அனுப்பியதில் அவர் கட்டைவிரல்தான் தெரிந்தது.